வயிறு மேலே, மூக்கு எந்தப் பக்கம்

மெஷின் மூடியை அழுத்தி மூடினதும் சங்கவிக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அதுதான் தொல்லை. வேலை இருக்கிற வரைக்கும் கை தன்பாட்டுக்கு ஓடும், தலை சும்மா கிடக்கும். கை நின்ற உடனே தலை ஆரம்பித்துவிடும். ஒரு மணி நாற்பது நிமிஷம் என்றது பிசிஆர் மெஷினின் திரை. நாற்பது சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, உள்ளே இருக்கிற தொண்ணூற்றாறு குழிகளிலும் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். எந்தக் குழியின் கோடு திரையில் முதலில் எழும்புகிறதோ அதில் சரக்கு அதிகம் இருந்தது என்று அர்த்தம். அவ்வளவுதான். பன்னிரண்டாம் வகுப்பில் கெமிஸ்ட்ரியில் கோட்டை விட்டுவிட்டு எலிக்கூண்டு கழுவ வந்த தனக்கே புரிந்துவிட்ட இந்த விஷயத்துக்கு லேபை நடத்துகிற சார் ஏன் அரை மணி நேரம் படம் போட்டுப் பேசுகிறார் என்று அவளுக்கு எப்போதும் தோன்றும். இன்றைக்கு அதெல்லாம் தோன்றவில்லை. இன்றைக்கு இரண்டே நிறம். சிவப்புக் கோடு என்றால் எலியின் மூளையில் அடிபட்ட பக்கம். நீலம் என்றால் நல்ல பக்கம். நீலம் முன்னால் வந்தால் அவள் பிழைத்தாள். சிவப்பு முன்னால் வந்தால் இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் வெட்டின ஆறு மூளையும் தப்பு, பிரிஸ்கில்லா அக்காவின் ஆராய்ச்சிப் படிப்பில் பாதி தப்பு, சங்கவி வீட்டில் போய்ச் சொன்னது முழுக்கத் தப்பு. எதிர் மேஜையில் அக்கா தலையைக் குனிந்து நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். பேனா மூடியைக் கடிக்கிற சத்தம். "என்ன பிள்ளே, பேயடிச்ச மாரி நிக்க? போய் டீ குடிச்சிட்டு வா, அது பாட்டுக்கு ஓடட்டும்." "வேணாங்க்கா." "அப்ப உக்காரு. நீ நின்னா மெஷின் வெரசா ஓடிருமா?" உட்கார்ந்தாள். ஸ்டூல் ஒரு கால் கட்டை, ஆடும். மூன்றாவது சுற்று.

ரிசெப்டர் என்றால் என்ன என்று வேலைக்கு வந்த புதிதில் அக்காதான் சொல்லிக்கொடுத்தாள், கேன்டீனில் சமோசா தின்றுகொண்டே. மூளையில் ஒரு செல் பேசும், பக்கத்து செல் கேட்கும். கேட்பதற்கு அதன் மேல்தோலில் காது மாதிரி ஒன்று இருக்கும், அதுதான் ரிசெப்டர். அந்தக் காதைச் செய்வதற்கான குறிப்பு ஜீனில் எழுதியிருக்கும். பக்கவாதம் வந்தால் ஜீன் மாறிவிடுமா என்று சங்கவி கேட்டாள். "மாறாது மக்களே. புஸ்தகம் அதே புஸ்தகம்தான். அதுல எந்தப் பக்கத்த எத்தன தடவ எடுத்து வாசிக்குங்கிறதுதான் மாறும். அடிபட்ட எடத்துல சிலதை வாசிக்கவே மறந்துரும். சிலதை விடாம வாசிச்சுக்கிட்டே இருக்கும்." எத்தனை தடவை வாசித்தது என்று எண்ணத்தான் இந்த மெஷின். எலியின் கழுத்து ரத்தக்குழாயில் மெல்லிய நூலை விட்டு அரை மணி நேரம் அடைத்து, பிறகு உருவிவிடுவார்கள். எப்போதும் மூளையின் வலது பக்கம்தான். மூன்றாம் நாள் மூளையை எடுத்து இரண்டு பக்கத்திலிருந்தும் மிளகு அளவுக்குத் துணுக்கு வெட்டி, அடிபட்ட பக்கத்தை ஆர் என்று எழுதின டியூபிலும் நல்ல பக்கத்தை எல் என்று எழுதின டியூபிலும் போட வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன்னால் அப்படி வந்த ஆறு எலியில் நல்ல பக்கத்தில் அவர்கள் எண்ணிப் பார்த்த ரிசெப்டர் ஏறியிருந்தது. நல்ல பக்கம்! அடி வாங்காத பக்கம் புதிதாகக் காது முளைத்து எழுந்திருக்கிறது, செத்த பக்கத்தின் வேலையை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது. அக்கா சங்கவியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். சார் எல்லாருக்கும் முட்டை பப்ஸ் வாங்கிக்கொடுத்தார், அவர் அப்படி வாங்கிக்கொடுத்து யாரும் பார்த்ததில்லை. சங்கவி தன் பப்ஸைத் தின்னாமல் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு பல்லாவரம் ரயிலைப் பிடித்தாள். வீட்டில் அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தார். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போய் அப்போது இரண்டு மாதம். இடது பக்க மூளையில் அடைப்பு. அவள் பப்ஸை அவருடைய இடது கையில் வைத்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மூச்சு விடாமல் சொன்னாள். அப்பா, வலது பக்க மூளை நல்லா இருக்கில்ல, அது எழுந்துக்கும், நான் பார்த்தேன், என் கையால வெட்டினது, என் கண்ணால கோட்டைப் பார்த்தேன், அது எழுந்துக்கும்ப்பா. அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்று கேட்டாள். "நெஜமாவாடி?" "பின்ன? மெஷின் பொய் சொல்லுமா?" மெஷின் பொய் சொல்லவில்லை. அது பாவம், டியூபில் எது இருந்ததோ அதைத்தான் எண்ணியது.

ஒன்பதாவது சுற்று. செவ்வாய்க்கிழமை வரைக்கும் அவளுக்கு எதுவும் தெரியாது. தெரியாமல் இருந்த நாள் எவ்வளவு சுகம் என்று இப்போது தெரிகிறது, சனியன். செவ்வாய்க்கிழமை புதிதாக வந்த ஆறு எலியை அக்காவே வெட்டினாள். ஒருவர் வெட்டி ஒரு தடவை அந்த முடிவு வந்தால் போதாது, இன்னொருவர் வெட்டியும் வர வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். சங்கவி ஐஸ் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அக்கா மண்டையோட்டைத் திறந்து, கவிழ்த்து, அடியில் இருக்கிற நரம்பை வெட்டி, மூளை ஐஸ் மேல் சளக்கென்று விழுந்ததும், சின்னக் கரண்டியால் அதை ஒரு புரட்டுப் புரட்டினாள். தோசையைத் திருப்புகிற மாதிரி. பிறகுதான் வெட்டுகிற அச்சில் வைத்தாள். மூளையின் முதுகு மேலே, வயிறு கீழே. ஆறுக்கும் அப்படித்தான். சங்கவி ஒவ்வொரு புரட்டையும் எண்ணினாள். இரண்டு மாதத்துக்கு முன்னால், தான் வெட்டினபோது, அவள் புரட்டவில்லை. அக்கா தன் தம்பி நிச்சயத்துக்கு நாகர்கோவில் போயிருந்த அன்றைக்கு, மூன்றாம் நாள் எலி யாருக்காகவும் காத்திருக்காது என்பதால், பக்கத்து லேப் டாக்டர் மயக்கம் கொடுத்துத் தலையை எடுத்துத் தர, சங்கவிதான் தனியாக வெட்டினாள். "நீ எத்தன தடவ பாத்துருக்க, கை உனக்கு எம்பட்டு சுத்தம், பயப்படாத, நடுக்கோட்டப் பாத்து வெட்டு" என்று அக்கா போனில் சொன்னாள். புரட்டு என்று சொல்லவில்லை. எத்தனையோ தடவை பார்த்தவள்தானே என்று விட்டிருப்பாள். பார்த்ததெல்லாம் அவள் ஐஸ் அள்ளவும் டியூபில் பேர் எழுதவும் குனிந்துகொண்டே பார்த்தது. மூளை விழுந்தபடியே, வயிறு மேலே, அச்சில் போய் உட்கார்ந்தது. மல்லாந்து படுத்த ஆளின் இடது கை எந்தப் பக்கம்? மாறிப்போகும். அப்படியென்றால் ஆர் டியூபில் நல்ல பக்கம், எல் டியூபில் அடிபட்ட பக்கம். ஆறு எலிக்கும். ஆனால் இரு, இரு. மூக்கு எந்தப் பக்கம் இருந்தது? அதுதான் விஷயம். மூளையின் மூக்குப் பக்கம் அவளைப் பார்த்து இருந்திருந்தால் இன்னொரு தடவை மாறும். இரண்டு தடவை மாறினால் ஒன்றுமே மாறாத மாதிரி. தப்பைத் தப்பு அடித்து, சரியாகப் போயிருக்கும். அக்கா எப்போதும் மூக்கைத் தனக்கு எதிர்ப்பக்கம் வைப்பாள். சங்கவி? சங்கவி எப்படி வைத்தாள்? மூன்று நாளாக அவள் பஸ்ஸில், ரயிலில், குளிக்கிற இடத்தில், கையில் கிடைத்ததையெல்லாம் மூளையாக்கிப் பார்த்துவிட்டாள். நேற்று டீக்கடையில் பன்னை மல்லாக்கப் போட்டு, திருப்பி, மறுபடி மல்லாக்கப் போட்டு. "சாப்புடுறதுக்கு வாங்கினியா, பொழுதுபோக்குக்கு வாங்கினியாம்மா?" என்றார் கடைக்காரர். இப்போது கையை முஷ்டியாக மடக்கி மடியில் வைத்திருக்கிறாள். கட்டை விரல்தான் மூக்கு. வயிறு மேலே, நிச்சயம். மூக்கு இந்தப் பக்கம், இல்லை, அந்தப் பக்கம். ஞாபகம் அந்த இடத்தில் வந்ததும் சறுக்குகிறது. ஐஸ் ஞாபகம் இருக்கிறது. கையுறை கிழிந்து சுண்டு விரல் மரத்தது ஞாபகம் இருக்கிறது. வெளியே எவனோ பைக் ஸ்டார்ட் ஆகாமல் உதைத்துக்கொண்டே இருந்தது, பதினோரு உதை, அதைக்கூட எண்ணியிருக்கிறாள். மூக்கை மட்டும் காணோம்.

பொய். ஒன்று ஞாபகம் இருக்கிறது, அதை அவள்தான் இத்தனை நாளாகத் தள்ளித் தள்ளி வைக்கிறாள். அன்றைக்கு மூன்றாவது எலியை வெட்டும்போது, எல் டியூபுக்குப் போகிற துணுக்கு கத்தியில் ஒட்டியது. கொழகொழவென்று, கனிந்துபோன பழம் மாதிரி. ஆர் பக்கத்துத் துணுக்கு கெட்டியாக, வெண்ணெய்க் கட்டி மாதிரி நின்றது. மூன்றாம் நாளில் அடிபட்ட பக்கம்தான் ஊறி இளகும், நல்ல பக்கம் ஏன் கொழகொழக்கிறது? விரல் கேட்டது. சத்தியமாக விரல் கேட்டது. தலை சொன்னது, பிளேடு மொட்டை, மாற்று. பிளேடை மாற்றினாள். விரலுக்குத் தெரிவதைத் தலை கேட்காமல் விடுவது அவளுக்குப் புதுசா என்ன. அந்தச் செவ்வாய், நாலு மாதத்துக்கு முன்னால், அதுவும் செவ்வாய்தான், காலை ஏழு நாற்பது. அம்மா பள்ளிக்கூடச் சமையலுக்கு ஆறரைக்கே போய்விட்டாள். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். சங்கவி தலை வாருகிறாள். கண்ணாடியில் அப்பா தெரிகிறார். டீ வாயின் வலது ஓரத்தில் வழிந்து பனியன் மேல் சொட்டுகிறது, அவர் துடைக்கவில்லை, வழிவதே தெரியாத மாதிரி இன்னொரு வாய் குடிக்கிறார், அதுவும் வழிகிறது. "யப்பா, சின்னப் புள்ளையா நீ? பனியனப் பாரு." அவர் பனியனைப் பார்த்தார். "கை ஒரு மாரி மதமதன்னு கீதும்மா." "கைய மடக்கிப் படுத்திருப்ப. உதறு, சரியாப்பூடும்." அவர் உதறினார். அந்த உதறல் அவளுக்கு இப்போதும் தெரிகிறது. இடது கை வலது கையைத் தூக்கி உதறியது. கண்ணாடியில் பார்த்ததால் எந்தக் கை எந்தக் கை என்று குழம்பியிருக்கலாம் என்று முதல் மாதம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது ஒரு சமாதானமா? அவள் அவசரமாகக் கிளம்பினாள். ஏனென்றால் ஒன்பதே காலுக்கு முதல் எலிக்கு இருபத்துநாலு மணி நேரம் முடிகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று அப்போது பார்த்து எழுத வேண்டும். நூல் நுழைத்த மணியைக் கூண்டு அட்டையில் அவள்தான் எழுதியிருந்தாள். பத்து நிமிஷம் தாண்டினாலும் அந்த எலி ஆட்டத்தில் சேராது. எலிக்கு அவ்வளவு. அப்பாவுக்கு அட்டை எழுத ஆள் இல்லை. "வரேம்ப்பா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். அவர் என்னவோ சொன்னார். கொழகொழவென்று இருந்தது சொல். வாயில் டீ என்று நினைத்தாள்.

பதினான்கு. இன்னும் எல்லாக் கோடும் தரையோடு தரையாகக் கிடந்தன. அம்மா இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து பார்த்தபோது அப்பா ஸ்டூலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் கிடந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், சின்ன வயசுப் பையன், தூங்கி இரண்டு நாளான கண், கேட்டான்: "எப்போ ஆரம்பிச்சது? சரியான டைம் சொல்லுங்க." அம்மா சொன்னாள், "தெர்லையே சார், நான் வந்து பாக்கசொல்ல விழுந்து கெடந்தாரு." "நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா கட்டியைக் கரைக்க ஊசி போட்டிருக்கலாம். எப்பன்னே தெரியலைன்னா ரிஸ்க்." அவன் அட்டையில் எழுதினான். தெரியவில்லை என்று எழுதினான். சங்கவி பக்கத்தில்தான் நின்றாள், அப்பாவின் பனியனில் காய்ந்த டீக் கறையைப் பார்த்துக்கொண்டு. ஏழு நாற்பது. நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தாலும் அப்போது மணி நாலு, நாலரை மணி நேரம் எப்பவோ தாண்டியிருந்தது, சொல்லி ஒன்றும் ஆகியிருக்காது. இது சரியான கணக்குதான். தினமும் போட்டுப் பார்க்கிறாள், தினமும் விடை சரியாகத்தான் வருகிறது, தினமும் போட வேண்டியிருக்கிறது. பக்கவாதத்தை நாளுக்கு ஆறு உண்டாக்குகிற இடத்தில் வேலை பார்க்கிறவள், எந்த எலி எந்தப் பக்கம் சாய்கிறது என்று எட்டி நின்றே சொல்கிறவள், வீட்டில் அதைக் கண்ணாடியில் பார்த்துப் பனியனைத் துடைக்கச் சொன்னாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது. பிரிஸ்கில்லா அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் அந்த நீலக்கோடு அவளுக்கு அவ்வளவு பிடித்தது. அது வெறும் கோடு இல்லை. ஏழு நாற்பதை அழிக்கிற ரப்பர்.

போன் மேஜை மேல் நடுங்கியது. அம்மா. "ஏய், அந்தக் குன்றத்தூர்க்காரன் வந்து நிக்கிறான்டி. கம்ப்ரசர தூக்கினு போக வண்டியோட வந்துட்டான். இன்னா சொல்ல?" அப்பாவின் பஞ்சர் கடையில் இருந்த காற்றடிக்கிற கம்ப்ரசர். பம்மல் ரோட்டில் கடையை விட்டதும் அதை மட்டும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் போய்விட்டது, ஜாக்கி, தொட்டி, ஸ்பேனர் எல்லாம். கம்ப்ரசரை மட்டும் விடக்கூடாது என்று சொன்னது சங்கவிதான். கை வந்துடும்மா, வந்ததும் அப்பா எதை வச்சுத் தொழில் பண்ணுவாரு? "இன்னாடி, லைன்ல கீறியா? நீதான வேணாம் வேணாம்ன. மூணு தபா திருப்பி அனுப்பிச்சாச்சு. இனிமே வரமாட்டேன்றான். கை வருமா வராதா, ஒரு வார்த்த சொல்லு, நீதான் அங்க பாக்குற." நீதான் அங்க பாக்குற. அம்மா உலகத்தில் யாரையும் நம்ப மாட்டாள், டாக்டரை நம்ப மாட்டாள், பிசியோதெரபிக்கு வந்த பெண்ணை நம்ப மாட்டாள், சங்கவி சொன்ன எலியை நம்பிவிட்டாள். தினமும் சாயந்தரம் அப்பாவின் இடது கையைப் பிடித்து வேலை வாங்குகிறாள், வலது மூளைய எழுப்பணும்ல என்கிறாள். "ஒரு மணி நேரம் இருக்கச் சொல்லும்மா." "ஒரு மணி நேரமா? டீ போட்டுக் குடுத்து உக்கார வைக்கட்டுமா?" "வை." "அப்பறம் சொல்லுவியா?" "சொல்றேம்மா, வை." பின்னால் அப்பாவின் குரல் கேட்டது: அதான். அவருக்கு மிச்சம் இருக்கிற ஒரே சொல். தண்ணீர் வேண்டும் என்றாலும் அதான். விளக்கை அணை என்றாலும் அதான். சங்கவி என்று கூப்பிட வாயெடுத்தாலும் அதான்தான் வரும், வந்ததும் அவரே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொள்வார். எல்லாச் சொல்லும் போனபோது இது மட்டும் ஏன் நின்றது என்று அவளுக்குத் தெரியும். கடையில் நாளுக்கு நாற்பது தடவை சொன்ன சொல். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, காதைக் கிட்டே கொண்டுபோய், குமிழி வருவதற்கு முன்னாலேயே சத்தத்தில் ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவார். வண்டிக்காரன் கெஞ்சுவான், இன்னொரு ஒட்டு போடுங்க அண்ணே, ஒரு வாரம் ஓடட்டும். அப்பா டியூபைக் கீழே வைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில், கோபமில்லாமல், "அதான் சொல்றேன்ல. நிக்காது" என்பார். நிக்காது போய்விட்டது. சொல்றேன்ல போய்விட்டது. அதான் மட்டும் நிற்கிறது.

பத்தொன்பது. அக்கா எழுந்து வந்து திரைக்கு முன்னால் நின்றாள். "வரும், இப்ப வரும்." சங்கவி திரையைப் பார்க்கவில்லை. முஷ்டியைப் பார்த்தாள். வயிறு மேலே. மூக்கு. எலிகள் நினைவுக்கு வந்தன, நூல் உருவின மறுநாள் கூண்டில் ஒரே பக்கமாகச் சுற்றுகிற எலிகள், சுவர் எங்கே என்று தெரியாமல் ஒரே வட்டத்தில், தவிட்டை மிதித்து மிதித்து மோதிரம் மாதிரி பாதை போட்டுவிடும். அவள் தீனியைத் தண்ணீரில் குழைத்து விரலால் ஊட்டியிருக்கிறாள், ஒரு ஓரத்தில் வழியும், துடைத்துவிடுவாள். எலிக்குத் துடைத்தாள். எலி எலிதான், அப்பா அப்பாதான். எலியில் எது ஏறினால் என்ன, எந்தப் பக்கம் ஏறினால் என்ன, பல்லாவரத்தில் கிடக்கிற ஒரு ஆளின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று இந்த மெஷினுக்கு எப்படித் தெரியும்? முதலிலிருந்தே அது அவளுக்குத் தெரியும். சார்கூட அவர் போடுகிற படங்களில் கடைசிப் படத்தில் அதைத்தான் சொல்வார், மனிதர்களுக்கு இது பொருந்துமா என்று தெரியாது என்று. அவள் அந்தப் படம் வரும்போது எப்போதும் ஐஸ் அள்ளப் போய்விடுவாள். "வந்துட்டு!" என்றாள் அக்கா. பிறகு குனிந்து திரையைக் கிட்டத்தில் பார்த்தாள். சங்கவி தலையைத் தூக்கினாள். சிவப்பு. ஒன்று, அதன் பின்னால் இரண்டு, அப்புறம் கும்பலாக, ஆறு சிவப்புக் கோடும் தரையை விட்டு எழுந்து வளைந்து மேலே போய்க்கொண்டிருந்தன. நீலம் கீழே படுத்துக் கிடந்தது. மூக்கு அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறது. ஒரு தடவைதான் மாறியிருக்கிறது. தப்பு தப்பாகவே நின்றுவிட்டது. அப்படியானால் நல்ல பக்கம் எழுந்திருக்கவே இல்லை. அடிபட்ட பக்கம்தான், பாதி செத்த செல்தான், பேச ஆளே இல்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு மேலும் மேலும் காது முளைத்துக்கொண்டிருக்கிறது. யாராவது பேசுவார்களா, பேசுவார்களா என்று.

அக்கா பேனா மூடியைக் கடித்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "அட எழவே. நான்தான் பிள்ளே மாத்தி ஊத்திருக்கேன். நேத்து ராத்திரி தூக்கமே இல்ல, எல்லையும் ஆரையும் பிளேட்டுல மாத்திப் போட்டுருப்பேன். பாரு, அன்னைக்கு நீ வெட்டுனதுக்கு அப்படியே கண்ணாடில பாத்த மாரி தலைகீழா வருது. வேற என்னத்தத் தப்பு இருக்கும்?" அவள் மவுஸைப் பிடித்தாள். "பேர மட்டும் மாத்திவிட்டாப் போதும். சார் நாலு மணிக்கு வருவாரு, அதுக்குள்ள சரி பண்ணிரலாம்." கோட்டின் பெயர் நீலமாகும். ஒரு சொடுக்கு. சங்கவி ஒன்றும் செய்ய வேண்டாம். பேசாமல் இருந்தாலே போதும், அது அவளுக்கு நன்றாகப் பழக்கமான வேலை. ஆஸ்பத்திரியில் நின்ற மாதிரி நிற்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் அக்காவின் பேர் போட்டு, சாரின் பேர் போட்டு, எங்கேயோ அச்சாகும், எங்கேயோ ஒருவர் படித்துவிட்டு நல்ல பக்கம் எழுந்துகொள்ளும் என்று தன் வீட்டுக்குப் போய்ச் சொல்வார். ஒரு பப்ஸோடு. அக்காவின் விரல் மவுஸ் மேல் இருந்தது. சங்கவியின் வாய் திறந்தது. சொல் வரவில்லை. எல்லாம் உள்ளே இருந்தன, வயிறு, மூக்கு, புரட்டாதது, கத்தியில் ஒட்டினது, எல்லாம் தொண்டை வரை வந்து முட்டிக்கொண்டு நின்றன, எது முன்னால் போவது என்று தெரியாமல். அப்பாவுக்கு நாள் முழுக்க இப்படித்தான் இருக்குமோ. "அதான்" என்றாள். அக்கா திரும்பினாள். "அதான்… க்கா." "என்ன மக்களே?" "நீங்க மாத்தல. நான்தான். அன்னிக்கு நான் பொரட்டல. விழுந்த மாதிரியே வச்சேன், வயிறு மேல. ஆறும். எல்லில கொழகொழன்னு இருந்துச்சு, எனக்குத் தெரிஞ்சுது, தெரியாத மாதிரி இருந்துட்டேன். இதான் சரி. இத மாத்தாதீங்க." அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். அவளுடைய முகம் திட்டப் போகிற முகமாக இல்லை. பல் வலிக்கிறவள் முகம் மாதிரி இருந்தது. பிறகு பழைய நோட்டை இழுத்து, இரண்டு மாதத்துக்கு முந்தின பக்கத்தைத் திறந்து, ஸ்கேலை வைத்து, ஆறு வரிக்கும் ஒவ்வொன்றாகக் குறுக்கே கோடு போட்டாள். ஆறாவது கோட்டில் பேனா மக்கர் பண்ணியது. உதறிவிட்டுப் போட்டாள். "எப்ப தெரியும் உனக்கு?" "செவ்வாக்கெழம." "மூணு நாளு." "ம்." "போ. முகத்தக் கழுவிட்டு வா. சார்ட்ட ரெண்டு பேருமாச் சொல்லுவோம்." ஏழு நாற்பதையும் சொல்லிவிடலாம் போல ஒரு கணம் வாய் இருந்தது. அது வரவில்லை. அது உள்ளேயே இருக்கிறது.

வராந்தாவில் குழாயைத் திறந்தாள். தண்ணீர் சூடாக வந்தது. போன். "மணி நாலாவப் போவுதுடி. ரெண்டு டீ குடிச்சிட்டான். இன்னா சொல்றது, கை வருமா வராதா?" சங்கவி குழாயை மூடினாள். தெரியாது என்பதுதான் பதில். முதல் நாளிலிருந்தே அதுதான் பதில். "நான் சொன்னது தப்பும்மா. மாத்தி வெட்டிட்டேன். எலி ஒண்ணும் எழுந்துக்கல." "இன்னாடி சொல்ற?" "அப்பாகிட்ட குடு." "அவருகிட்டயா? அவரு இன்னா சொல்லுவாரு?" "குடும்மா." இந்த நாலு மாதத்தில் ஜாக்கியை விற்றபோது, தொட்டியை விற்றபோது, கடையை விட்டபோது, யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே சொல் இருக்கிற ஆளிடம் என்ன கேட்பது என்று. போன் கை மாறுகிற சத்தம், கட்டில் கிறீச்சிடுகிற சத்தம், பிறகு அவருடைய மூச்சு. வாய் ஓரத்தில் லேசாகக் கசிகிற மூச்சு. "யப்பா. சங்கவி. வலது பக்க மூள எழுந்துக்கும்னு சொன்னேன்ல, அது தப்புப்பா. எனக்குத் தெரியல. கம்ப்ரசர் கேக்குறான். குடுத்துடலாமா? நீ சொல்லு." அவள் காதைப் போனில் அழுத்தினாள். அவர் டியூபைக் காதோடு வைத்துக் கேட்பாரே, அப்படி. கடையில் அவருக்கு முன்னால் குந்தியிருந்த எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்ட குரல்தான், ஒட்டுப் போடக் கெஞ்சினவனிடம் டியூபைக் கீழே வைத்துவிட்டுச் சொல்கிற குரல், தாழ்ந்து, கோபமில்லாமல், இழுத்து.

"அதான்" என்றார்.

அவளுக்கு மிச்சமும் கேட்டது. சொல்றேன்ல, நிக்காது. "சரிப்பா" என்றாள். அம்மாவின் குரல் வந்தது. "இன்னாடி, இன்னா சொன்னாரு? எனக்கு ஒண்ணும் புரியல."

"குடுத்துடச் சொல்றாரு" என்றாள் சங்கவி.